கடல் வடக்கே என்று எழுதிய நாள்

1

பொன்னேரியில் அண்ணன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாள் மாலை, என் மகள் நஸ்ரின் தொழுகை விரிப்பைத் தெற்குப் பார்த்து விரித்துவிட்டு அதன் மேல் நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெய்ரூட்டில் பிறந்தவள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அங்கே எங்கள் வீட்டில் அறைக் கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரைப் பார்த்து விரிப்பைப் போடுவாள். இங்கேயும் கதவைத் திறந்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்துப் போட்டாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, மீஞ்சூருக்கு டிக்கெட் எடுத்துட்டியா? அந்தப் பக்கம் திரும்பி நிக்கிற?"

மீஞ்சூர் பொன்னேரிக்குத் தெற்கே இருக்கிறது. மின்சார ரயிலில் சற்று நேரம். வீடு முழுக்கச் சிரித்தது. நஸ்ரினுக்கு விளங்கவில்லை. என்ன தப்பு என்று என்னிடம் முதலில் அரபியில் கேட்டாள், பிறகு ஆங்கிலத்தில், கடைசியாகத் தமிழில். இந்த வரிசை ஒரு காலத்தில் நேர்மாறாக இருந்தது. அது எந்த வருடம் மாறியது என்று எனக்குத் தெரியாது, குறித்து வைக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. இதே தப்பை நேர்மாறாக ஒரு பெண் செய்தார். அதை நான் சரிபார்க்காமல் என் கையால் பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பெண் பழவேற்காட்டுக்காரர், பெயர் ஹமீதா. அவரைக் கண்டுபிடித்தவர் கவரைப்பேட்டை வசந்தி. இரண்டு ஊரும் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. நடந்ததோ கண்டத்தின் மறு விளிம்பில், ஒரு போரின் நடுவில்.

2

பெய்ரூட்டில் நான் நடத்துவது புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கான ஓர் உதவி மையம். நகரின் கிழக்குப் பகுதியில், மூடிப்போன ஓர் அச்சகத்தின் முதல் மாடியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எட்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்பு வேலைக்காக, ஓராண்டு ஒப்பந்தத்தில் லெபனான் போனேன். மனைவி வந்தாள், மகள் பிறந்தாள், ஒப்பந்தம் நீண்டது. பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்யும் பெண்கள். இலங்கை, எத்தியோப்பியா, வங்கதேசம், சிலர் நம் பக்கம். ஒருத்தியின் பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கும். ஒருத்திக்கு வதிவிட அனுமதி முடிந்திருக்கும். அதைப் புதுப்பிக்க முதலாளி நேரில் வர வேண்டும், முதலாளியோ நாட்டிலேயே இல்லை. ஒருத்திக்குப் பல்வலி. ஒருத்திக்கு, ஊரில் இறந்துபோன அப்பாவின் முகத்தை வீடியோவில் பார்ப்பதற்கு யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை வேண்டும். அந்த மூலை எங்களிடம் இருக்கிறது. பழைய அச்சுக் காகிதங்கள் அடுக்கியிருந்த அறை அது.

பொறுப்பாளர் என்றால் கையெழுத்துப் போடுபவன் என்று பொருள். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை, தெருவுக்கு மின்சாரம் விற்கும் ஜெனரேட்டர்காரருக்குச் சந்தா, குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரே கடிதத்தின் மூன்று பிரதிகள். மையம் நடப்பது வசந்தியால்.

அவருக்கு ஐம்பது வயது. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மேசையில் இரண்டு போன். நான் பிறப்பால் முஸ்லிம் என்பதால் என்னை ஊர் வழக்கப்படி 'பாய்' என்பார். பெய்ரூட்டில் ஒரு மூதாட்டி வீட்டில் வேலைக்கு வந்து, நான்கு வருடம் அந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டவர். அந்த அம்மா இறந்ததும் காகிதங்கள் செல்லாமல் போய், எங்கள் மையத்துக்கு உதவி கேட்டு வந்தார். காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார். அந்த நாற்காலியிலிருந்து அவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அவருடைய அரபி அந்த எண்பது வயது அம்மாவிடம் கற்றது. ஆகவே எல்லோரையும் பழங்காலச் செல்லப் பெயர்களால்தான் கூப்பிடத் தெரியும். எங்கள் காரோட்டி சமீர், பழைய டாக்சிக்காரர், ஐம்பத்தைந்து வயது, முரட்டு மீசை. வசந்தி அவரை 'என் கண்ணின் ஒளியே' என்று கூப்பிட்டுத்தான் டீசல் போட்டாயா என்று கேட்பார். முதல் மாதம் சமீர் வெட்கப்பட்டார். இப்போது வேறு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

3

வசந்தியின் வேலை முறை அவர் லெபனானில் கற்றதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெண்கள் அதிகம் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், ஷிஃப்ட் வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தபோது கற்றது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

ஆரம்பாக்கம், எளாவூர், பொன்னேரி, பழவேற்காடு என்று பல திசைகளிலிருந்து வேன்கள் பெண்களை ஏற்றி வரும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இடம் சொல்லத் தெரியாது. 'ரோட்டு மேல நிக்கிறேன்' என்பார்கள். சென்னையிலிருந்து ஆந்திரா வரைக்கும் ரோடுதான். வசந்தி போனில் கேட்டுக் கேட்டு வண்டியை அனுப்புவார்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்து எளாவூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண், நெடுஞ்சாலைக்குக் கிழக்குப் பக்கம் நிற்பதாகச் சொன்னாள். வண்டி கிழக்குப் பக்கம் நின்றது. அவள் நின்றது மேற்குப் பக்கம். வண்டியைப் பார்த்ததும் நடுத் தடுப்பின் இடைவெளியில் புகுந்து ஓடி வந்தாள். ஒரு டேங்கர் லாரி காலைத் தட்டிவிட்டுப் போனது. எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் வசந்தி அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, அதைக் கிழக்கு என்று எப்படி முடிவு செய்தாய் என்பது. பள்ளிப்பட்டில் அவள் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. எளாவூரிலும் வாசலை விட்டு இறங்கினால் எதிரே இருப்பது கிழக்கு என்று நினைத்திருக்கிறாள்.

"எல்லாரும் ஊரு திசையையும் கூடவே எடுத்துகினு வர்றாங்க பாய்," என்று இதை எனக்குச் சொன்னபோது வசந்தி சொன்னார்.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் திசை கேட்பதில்லை. இரண்டே கேள்விகள். மூஞ்சிக்கு நேரா இன்னா கீது? முதுகுக்குப் பின்னாடி இன்னா கீது? பதில் போதாவிட்டால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வேனுக்கும் ஒரு ஹாரன் முறை வைத்திருந்தார். பழவேற்காட்டு வண்டிக்கு இரண்டு குட்டை, ஒரு நீளம். ஓட்டுநர் அடித்துக்கொண்டே வருவார். போனில் இருக்கும் பெண், சத்தம் எந்தக் கைப் பக்கம் கேட்கிறது, பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கதையை நான் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டி, இரண்டு வருடம் ஆகியிருந்தது.

4

போர் நடந்த மாதங்களில் எங்கள் படிக்கட்டு முழுவதும் மெத்தைகள். தெற்கிலிருந்தும் நகரின் தென்புறக் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பங்கள் மலைப் பக்கம் கிளம்பின. சில வீடுகளில் வேலைக்காரப் பெண்ணையும் அழைத்துப் போனார்கள். சில வீடுகளில் வீட்டைப் பார்த்துக்கொள், இரண்டு நாளில் வருகிறோம் என்று சொல்லி வெளி கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். குண்டு விழுவதற்கு முன், குண்டு போடுபவர்களிடமிருந்தே எச்சரிக்கை வரும்: கைப்பேசியில் ஒரு வரைபடம், அதில் ஒன்றிரண்டு கட்டடங்கள் சிவப்பாக. அவற்றின் அருகில் இருப்பவர்கள் உடனே விலகிவிட வேண்டும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால். வசந்தி ஓர் இலங்கைப் பெண்ணோடு குடியேற்ற அலுவலக வரிசையில் நின்றிருந்தார். நான் திருப்பி அழைத்தேன். தமிழ்க் குரல்.

ஹமீதா, பழவேற்காடு, முப்பத்தெட்டு வயது, கையில் இருப்பது பொத்தான் போன், பேட்டரி இரண்டு கட்டம். முந்தைய வீட்டில் வேலை செய்த வங்கதேசப் பெண் எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரம் முன்புதான் ஏஜென்ட் இவரை இந்தப் புது வீட்டுக்கு மாற்றியிருக்கிறார். நான்காவது மாடி. வீட்டுக்காரர்கள் போய் இரண்டு நாள். கேட் பூட்டியிருக்கிறது. எந்தப் பகுதி, என்ன தெரு, தெரியாது. வந்த நாளிலிருந்து கீழே இறங்கவில்லை.

எங்கள் படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். ஜன்னல் வழியாகக் கடல் கொஞ்சம் தெரிகிறது, கடல் வடக்குப் பக்கம் என்றார். நான் எழுதினேன்: கடல் வடக்கே.

பெய்ரூட் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனை. அதற்கு மேற்கிலும் கடல், வடக்கிலும் கடல். வடக்கே கடல் தெரியும் குடியிருப்புகள் எங்கள் மையத்துக்குப் பக்கம். அந்தப் பகுதியில் அதுவரை குண்டு விழவில்லை. ஆகவே நான் நிம்மதியடைந்தேன். சமீரை அனுப்பினேன், அவசரமில்லை என்றும் சொன்னேன். ஹமீதாவிடம் பயப்படாதீர்கள், நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்றேன். இந்த வாக்கியத்தைப் பிறகு பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன்.

சமீர் மூன்று மணி நேரம் வடகரைத் தெருக்களில் சுற்றினார். நண்பகலில் வசந்தி திரும்பினார். தண்ணீர் குடித்துக்கொண்டே கணினியில் பதிவேட்டைப் படித்தார்.

"கடல் வடக்கேன்னு இது யாரு சொன்னது பாய்?"

அந்தப் பெண்தான் என்றேன்.

"அவ பாத்தாளா, நெனச்சாளா?"

எட்டு வருடம் நிருபர் வேலை பார்த்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஒருவர் கண்டதையும் அவராக முடிவு செய்ததையும் பிரித்து எழுது என்பதுதான் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். வசந்தி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார்.

"ஹமீதாம்மா, நான் வசந்தி. கவரப்பேட்டை. திசையெல்லாம் வாணாம். கடல் தெரியுற ஜன்னல்கிட்ட போய் நில்லு. மூஞ்சிக்கு நேரா இன்னா கீது?"

"ரெண்டு பில்டிங்கு நடுவுல சந்துக்கா. சந்துல கடலு ஒரு கோடு மாதிரி. கீழ டயர் கடை. டயரை அடுக்கி செவப்பு வெள்ளை பெயின்ட் அடிச்சி தூணாட்டம் வெச்சிகினு கீறாங்க."

"முதுகுக்குப் பின்னாடி?"

"ஹாலு. மேடம் தொழுற எடம்."

"சாயங்காலம் அந்த ஜன்னல்கிட்ட பாத்திரம் கழுவுவியா?"

"கழுவுவேன்க்கா. கண்ணு கூசும். கர்ச்சீப்ப நெத்தில கட்டிகினுதான் கழுவுவேன்."

வசந்தி என்னைப் பார்த்தார். மாலை வெயில் கடல் பக்கத்திலிருந்து வருகிறது என்றால் கடல் மேற்கே. அது வடகரை இல்லை.

"மேல ஏரோப்ளேன் போவுதா?"

"போவும். சக்கரம் தெரியும். தட்டெல்லாம் ஆடும்."

விமான நிலையம் நகரின் தென்புறத்தில். போரின் நடுவிலும் ஒருசில விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஹமீதா இருந்தது, குடும்பங்கள் காலி செய்துகொண்டிருந்த அதே தென்புறக் குடியிருப்புகளில்.

கடல் வடக்கே என்று ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன்.

"மேடம் தொழுற பக்கம் மேற்குண்ணா. அப்படி நின்னா சோத்துக் கைப் பக்கம் கடலு. அப்ப வடக்குதானே?"

தப்பே இல்லாத கணக்கு, பழவேற்காட்டில் போட்டிருந்தால். மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் நம் ஊரில் தொழுகிற பக்கம் என்றாலும் மேற்கு என்றாலும் ஒன்றுதான். பெய்ரூட்டிலிருந்து மக்கா தெற்கே. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அங்கே போன முதல் வாரம் வாடகை அறையில் நானும் கடலைப் பார்த்து, அதாவது மேற்கைப் பார்த்துத்தான் தொழுதேன். பக்கத்து அறைக்காரர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். எனக்கு நடந்தது இன்னொருவருக்கும் நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"வுடுங்க பாய்," என்றார் வசந்தி. "வண்டிய திருப்பச் சொல்லுங்க."

சமீர் திரும்பிக்கொண்டிருக்கும்போதே என் கைப்பேசி அதிர்ந்தது. வரைபடம். தென்புறத்தில் இரண்டு சிவப்புக் கட்டடங்கள். அதில் ஒன்று ஹமீதா இருந்ததா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஹமீதா எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பது தெரிந்தால்தானே?

5

இங்கே நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன்.

டயர்த் தூணை சமீருக்குத் தெரியும். அந்தப் பகுதியில் அப்படி இரண்டு கடைகள் இருக்கின்றன என்றார், ஒன்றுக்கொன்று பத்துத் தெரு தள்ளி. வசந்தி ஒரு போனில் ஹமீதாவையும் இன்னொன்றில் சமீரையும் பிடித்துக்கொண்டார். வலது காதில் ஹமீதா, இடது காதில் சமீர். வலது பக்கம் கவரைப்பேட்டைத் தமிழ், இடது பக்கம் மூதாட்டியின் அரபி. என்னைப் பார்த்துப் புருவத்தால், உன் வேலையைப் பார் என்றார்.

என் வேலை, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தை அழைப்பது. பூட்டிய வீட்டை உடைத்தால் நாளைக்கு ஹமீதா மேல் திருட்டுப் புகார் வரலாம். எடுத்தவர் சோர்ந்த குரலில், ஆள் உள்ளே இருந்தால் திறவுங்கள், பொருளைத் தொடாதீர்கள், எழுதி வையுங்கள் என்றார். அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். அதைச் செய்ய எனக்குத் தெரியும்.

ஹமீதாவின் பேட்டரி ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது.

"என் கண்ணின் ஒளியே, ஹாரன் அடி," என்றார் வசந்தி இடது போனில். "ரெண்டு குட்டை, ஒரு நீளம். அடிச்சிகினே போ." கடைசி இரண்டு வாக்கியங்கள் தமிழில் வந்துவிட்டன. அரபியில் திருப்பிச் சொன்னார்.

முதல் டயர்க் கடை. இடது காதில் ஹாரன் அலறியது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. வலது காதில் ஒன்றுமில்லை. வசந்தி தலையை ஆட்டினார். அங்கே இல்லை. போ.

பிறகு சில நிமிடங்கள் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறையில் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள், என்ன நடக்கிறது என்று விளங்காமலேயே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஓர் எத்தியோப்பியப் பெண் அழுத குழந்தையைப் படிக்கட்டுக்குத் தூக்கிப் போனாள்.

"கேக்குதாம்மா?"

"லேசாக்கா. பீச்சாங்கைப் பக்கம்."

"பெருசாவுதா, சின்னதாவுதா?"

"பெருசாவுது. அக்கா, இது நம்ம கம்பெனி வண்டி ஹாரன் மாதிரியே கீது."

பழவேற்காட்டில் அந்த ஹாரனைக் கேட்காத வீடு இல்லை. ஹமீதாவின் நாத்தனார் அந்த வண்டியில்தான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

"அதே வண்டிதான் வருது," என்றார் வசந்தி. "காஸ மூடு. கைல எதையும் எடுக்காத, துணி கூட வாணாம். பால்கனிக்கு வா."

சில நொடிகளில் வசந்தியின் முகம் மாறியது. பிறகு எனக்கு விளக்கினார்: ஹாரன் இரண்டு காதிலும் ஒரே அளவில் கேட்டது. இடது போனில், "நிறுத்து. மேலே பார்," என்றார். வலது போன் அணைந்துவிட்டது.

நான்காவது மாடி பால்கனியில், நெற்றியில் கர்ச்சீப் கட்டிய ஒரு பெண் நின்றதாகச் சமீர் சொன்னார். பூட்டைக் கட்டர் போட்டு வெட்ட அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வண்டி அந்தப் பகுதியைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் கழித்து எங்கள் மாடியின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

அந்தக் கட்டடம் விழவில்லை. மூன்று தெரு தள்ளி இரண்டு கட்டடங்கள் விழுந்தன. ஹமீதா இருந்த வீட்டில் கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் உள்ளே வந்து விழுந்திருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டி முழுக்கக் கண்ணாடி. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மையத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இப்போதெல்லாம் கட்டடத்தையே விழவைத்துவிடுகிறார்கள். வசந்தி செய்ததற்கு அந்த அலங்காரம் தேவையில்லை.

6

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கார அம்மா அழைத்தார். அவரும் அழுதார். சாவியை ஓர் உறவினரிடம் கொடுத்ததாகவும், அவர் போய்ப் பார்ப்பதாகச் சொன்னதாகவும், கடைசியில் அந்த உறவினரும் ஓடிவிட்டதாகவும் சொன்னார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நான் இரண்டையும் எழுதாமல் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். பாஸ்போர்ட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் எழுதினேன். இருந்தும் ஹமீதா நாட்டை விட்டுக் கிளம்ப ஐந்து மாதம் பிடித்தது. ஒரு முத்திரைக்கு இன்னொரு அலுவலகம், அந்த அலுவலகம் போரால் மூடல், திறந்தபோது புகைப்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை.

அந்த ஐந்து மாதமும் ஹமீதா எங்கள் சமையலறையில் இருந்தார். வந்த அன்று மாலை தொழுவதற்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். கை காட்டினேன். நின்றார். மேற்கு என்று நம்பியிருந்த ஒன்றை உதற முடியாமல் இருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொழுதார்.

படிவத்தில் முகவரிக் கட்டத்துக்குப் பதில் இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்: முகத்துக்கு நேரே, முதுகுக்குப் பின்னே. என் தவறையும் அதில் முழுமையாக விவரித்தேன். மென்பொருளில் அப்படிச் செய்ய இயலாது, உங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று பதில் வந்தது. வசந்தி கடைக்குப் போய் நீள நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டு, இரண்டு பத்தியாக்கிவிட்டார். முதலில் நோட்டு, பிறகுதான் கணினி. இன்றுவரை அப்படித்தான். மையத்தில் போன் எடுக்கும் ஐந்து மொழிக்காரர்களும் அந்த இரண்டு கேள்விகளையும் தங்கள் மொழியில் கேட்கப் பழகிவிட்டார்கள்.

என் தவறைப் பற்றி வசந்தி ஒருமுறைதான் பேசினார். ஏதோ ஓர் அறிக்கையில் நான் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "நிருபர் பாய், அது பாத்ததா நெனச்சதா?" என்றார். சமீர் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

7

அண்ணி சிரித்த மறுநாள் நஸ்ரினை அழைத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். ஹமீதா ஏரிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கணவர் மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் இட்லி சுட்டு விற்கிறார்கள். நாஷ்டா வாங்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஹமீதா சற்றுப் பருத்திருந்தார். நஸ்ரினோடு அரபியில் பேசினார். அவர் பேசியது சமையலறை அரபி, அவள் பேசியது பள்ளிக்கூட அரபி. விடுமுறைக்கு வந்த பிறகு நஸ்ரின் முகம் மலர்ந்தது அப்போதுதான். அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

"வசந்தியக்கா இன்னும் ரெண்டு காதுலயும் போனை வெச்சிகினுதான் கீறாங்களாண்ணா?" என்று கேட்டார் ஹமீதா.

நஸ்ரின் நேற்று விரிப்பைத் தெற்கே போட்ட கதையைச் சொன்னேன். ஹமீதா சிரிக்கவில்லை. அவளை வாசலுக்கு அழைத்துப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பி, "பாப்பா, இங்க கடலு முதுகுப் பக்கம் இருக்கணும். அவ்ளோதான். மேற்கு, தெற்கு எதுவும் ஞாபகம் வெச்சிக்க வாணாம்," என்றார். நஸ்ரின் தலையாட்டினாள். அண்ணன் வீட்டில் நான் அரை மணி நேரம் உலக வரைபடம் போட்டு விளக்கியது அவளுக்கு ஏறவில்லை. இது ஏறியது.

அங்கிருந்தே வசந்தியை அழைத்தேன். பெய்ரூட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் குழந்தை அழும் சத்தமும் ஜெனரேட்டரும் கேட்டன. ஹமீதா பேச வேண்டும் என்கிறார் என்று சொல்லி போனைக் கொடுத்தேன். ஹமீதா அதை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி, நடுவில் நின்றார். ஒலிபெருக்கியில்தான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

வசந்தி நலம் விசாரிக்கவில்லை.

"ஹமீதாம்மா, முதுகுக்குப் பின்னாடி இன்னா கீது?"

ஹமீதா திரும்பிப் பார்க்கவில்லை. "ஏரிக்கா. அதுக்கு அப்பால கடலு."

"மூஞ்சிக்கு நேரா?"

வாசலில் இட்லித் தட்டோடு கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் என் மகள்.

"எங்க ஊடுக்கா," என்றார் ஹமீதா.

"சரி," என்றார் வசந்தி. "எழுதிக்கிறேன்."